200 ரூபாய்க் கவிதை
மலய் ராய் சௌத்ரியும் பசித்த தலைமுறையும்

(இலக்கியக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்கத்தாவின் பாங்க்‌ஷால் நீதிமன்றத்தில் 1965 டிசம்பர் 28ஆம் தேதி ஒரு கவிதை மீதான தீர்ப்பு வாசிக்கப்பட்டது. எழுதியவர் குற்றவாளி. 200 ரூபாய் அபராதம். கட்டத் தவறினால் ஒரு மாதம் சிறை. அந்தக் குற்றவாளியின் பெயர் மலய் ராய் சௌத்ரி, வயது 26. பாட்னா ரிசர்வ் வங்கியில் வேலை பார்த்து, வழக்கு வந்ததும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர். ‘பிரசண்ட பைத்யுதிக் சுதார்’ என்ற வங்காளிக் கவிதை ஆபாசமானது என்பது வழக்கு.

எழுத்தாளன் கையில் விலங்கு விழுவது நம் நாட்டில் புதுக்கதை அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலும் நடந்தது, பிறகும் நடந்தது. இந்த வழக்கை அறுபது ஆண்டு கழித்தும் எடுத்துப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம் போலீஸ் அல்ல, நீதிபதியும் அல்ல. சாட்சிகள். அந்தப் பட்டியலுக்குப் போவதற்கு முன் ஆளைப் பார்த்துவிடுவோம்.

மலய் 1939 அக்டோபர் 29 அன்று பாட்னாவில் பிறந்தார். குடும்பம் சாதாரணமானதல்ல. கல்கத்தா என்ற நகரம் எழும்பிய மூன்று கிராமங்களின் உரிமையை 1698இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த சாவர்ண ராய் சௌத்ரி ஜமீன்தார் வம்சம். ஆனால் மலய் பிறந்த காலத்தில் ஜமீன் வெறும் பெயராக மட்டும் மிஞ்சியிருந்தது. அப்பாவுக்குப் பாட்னாவில் போட்டோக் கடை. குடியிருப்பு இம்லிதலா என்ற சேரி. அக்கம்பக்கமெல்லாம் தலித்துகள், ஏழை முஸ்லிம்கள். கல்கத்தாவின் பத்ரலோக் என்ற மேட்டுக்குடி வீட்டுப் பையன்கள் ரவீந்திர சங்கீதம் கேட்டு வளர்ந்தபோது இவர் கேட்டது சேரித் தெருவின் இந்தியையும் வசவையும். பிற்காலத்தில் தன் பால்யத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு ‘சோட்டோலோகேர் சோட்டோபேலா’ என்று பெயர் வைத்தார். கீழ்மகன் ஒருவனின் சின்ன வயது என்று பொருள். கல்கத்தாவை ‘விற்ற’ வம்சத்தின் பிள்ளை அந்த நகரத்துக்கு வெளியூர்க்காரனாக வந்து சேர்ந்தார். அவருடைய எழுத்தில் இருக்கும் எரிச்சலில் பாதிக்கு இதுவே விளக்கம்.

1961 நவம்பரில் ஒரு துண்டறிக்கை வெளிவந்தது. ஒரே ஒரு தாள். வங்காளி அச்சு பாட்னாவில் கிடைக்காததால் ஆங்கிலத்தில் அச்சானது. மலய், அவருடைய அண்ணன் சமீர், கவிஞர் சக்தி சட்டோபாத்யாய், ஹாவ்ராவின் குடிசைப் பகுதியில் வசித்த தேபி ராய் ஆகிய நால்வரும் தொடங்கிய இயக்கம் அது. தேபி ராயின் உண்மைப் பெயர் ஹராதன் தாரா. வங்காள நவீன கவிதையில் அதுவரை அவ்வளவாகக் கேட்டிராத சாதியிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்த பெயர். இயக்கத்துக்கு ‘ஹங்ரி ஜெனரேஷன்’ என்று பெயரிட்டார்கள். நம்மூர்ச் சிற்றிதழ் வாசகர்களுக்குப் ‘பசித்த தலைமுறை’ என்றால் தெரியும்.

பெயரை மலய் ஆங்கிலக் கவி சாஸரிடமிருந்து எடுத்தார். தத்துவத்தை ஜெர்மானியர் ஓஸ்வால்ட் ஸ்பெங்லரிடமிருந்து. ஒரு பண்பாட்டின் சொந்தச் சக்தி வற்றிப்போனால் அது வெளியிலிருந்து கிடைத்ததையெல்லாம் விழுங்கத் தொடங்கும், அப்போது அதன் பசி அடங்காது என்பது ஸ்பெங்லரின் கணிப்பு. இதெல்லாம் புத்தகப் பசி. கண்ணெதிரே வேறொரு பசியும் இருந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். சியால்தா ரயில் நிலைய நடைமேடைகளில் குடும்பங்கள் குடியிருந்தன. 1959 ஆகஸ்ட் 31 அன்று அரிசி கேட்டு ஊர்வலம் போனவர்கள்மேல் கல்கத்தாவில் போலீஸ் தாக்குதல் நடந்து பலர் செத்தார்கள். அந்த நகரத்தில் கவிதை மட்டும் நிலவையும் மழையையும் பாடிக்கொண்டு இருக்க முடியுமா என்ற கேள்வி இருபது வயதுக்காரர்களுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பதிப்பகம் கிடையாது. பத்திரிகை ஆசிரியரின் தயவு கிடையாது. ஒரு தாளில் அறிக்கையோ கவிதையோ அச்சடிப்பார்கள். காலேஜ் தெருக் காப்பி ஹவுஸ் மேசைகளிலும், கல்லூரி வாசல்களிலும், பத்திரிகை அலுவலகங்களிலும் சும்மா கொடுப்பார்கள். தேதி, எண் எதுவும் ஒழுங்காக இருக்காது. கவிதைக்கு ஒரு தாள், அரசியலுக்கு ஒரு தாள், மதத்துக்கு ஒரு தாள். 1961 முதல் 1965 வரை நூற்றுக்கும் மேல் வெளிவந்ததாகச் சொல்கிறார்கள். பெரும்பாலானவை கிடைக்கவில்லை. காப்பியின் கறையோடு குப்பைக்குப் போயிருக்கும். சேகரித்து வைக்கத் தகுந்த பொருளாக அவர்களே அதைக் கருதவில்லை என்பது ஒரு பக்கம். வங்காளத்தின் நூலகங்கள் கருதவில்லை என்பது மறுபக்கம்.

தாளோடு நிறுத்தியிருந்தால் வழக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். கடைகளில் விற்கும் காகித முகமூடிகளை வாங்கினார்கள். கோமாளி, ராட்சசன், சாமி, மிருகம் என்று பலவகை. தயவுசெய்து முகமூடியைக் கழற்றுங்கள் என்ற பொருளில் ஒரு வரியை அதில் அச்சடித்து, அமைச்சர்களுக்கும் உயரதிகாரிகளுக்கும் மாஜிஸ்திரேட்டுகளுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் தபாலில் அனுப்பினார்கள். பத்திரிகைக்கு மதிப்புரைக்காக ஒரு செருப்புப் பெட்டி. சிறுகதை என்று சொல்லி ஒரு வெற்றுத்தாள். சிறுபிள்ளைத்தனம் என்று இன்று நமக்குத் தோன்றலாம். அன்று அந்த முகமூடி சேர்ந்த மேசைகளில் யாரும் சிரிக்கவில்லை.

ஒரு பழியை இங்கேயே ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவின் பீட் கவிஞர்களைப் பார்த்து அடித்த காப்பி என்று இந்த இயக்கத்தைச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஆலன் கின்ஸ்பெர்க் இந்தியாவுக்கு வந்ததே 1962இல். துண்டறிக்கை அதற்கு முந்தைய நவம்பரில் வெளியாகிவிட்டது. கின்ஸ்பெர்க் கல்கத்தாவில் மாதக்கணக்கில் தங்கினார். இந்தக் கவிஞர்களோடு பழகினார். பாட்னாவில் மலய் வீட்டிலும் தங்கினார். யார் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்குப் போட்டால் பற்று வரவு இரண்டு பக்கமும் இருக்கும். வெள்ளைக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யோசனை அவருடையதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டும் பழக்கம் நம் விமர்சகர்களை விட்டு இன்னும் போகவில்லை.

வழக்குக்கு வருவோம். 1964 செப்டம்பரில் 11 பேர் மீது பிடிவாரண்ட் போனது. ஆபாசத்துக்கான 292ஆம் பிரிவோடு, சதிக்கான 120பி பிரிவும் சேர்க்கப்பட்டிருந்தது. மலயைப் பாட்னாவில் பிடித்து, கையில் விலங்கு மாட்டி, இடுப்பில் கயிறு கட்டித் தெருவில் நடத்திக் கூட்டிப் போனார்கள். திருடனைக் கூட்டிப் போகும் அதே முறை. நவம்பரில் அமெரிக்காவின் ‘டைம்’ வார இதழ் இவர்களைப் பற்றி எழுதியது. உலகத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. உள்ளூரில் வேறு கணக்கு நடந்தது. உத்பல் குமார் பாசுவுக்குக் கல்லூரி ஆசிரியர் வேலை போனது. பிரதீப் சௌதுரி விஸ்வபாரதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். சமீரும் மலயும் பணியிடை நீக்கம். தேபி ராயும் சுபிமல் பசாக்கும் கல்கத்தாவுக்கு வெளியே மாற்றப்பட்டார்கள். எந்த நீதிமன்றமும் இதில் ஒன்றுக்கும் உத்தரவிடவில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனை முடிந்துவிட்டது.

சதிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. கடைசியில் கூண்டில் மிஞ்சியவர் மலய் ஒருவர் மட்டுமே. எதிரே சாட்சி சொல்ல வந்தவர்கள் யார்? இயக்கத்தை ஆரம்பித்த நால்வரில் ஒருவரான சக்தி சட்டோபாத்யாய். வேலையைப் பறிகொடுத்த உத்பல் குமார் பாசு. உரைநடையில் பெயர் வாங்கிக்கொண்டிருந்த சந்தீபன் சட்டோபாத்யாய். சைலேஷ்வர் கோஷும் சுபாஷ் கோஷும் தங்களுக்கும் இயக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்து அரசுத் தரப்புக்குப் போனார்கள். அதாவது, ஒரே மேசையில் காப்பி குடித்தவர்கள்.

மலய்க்காகக் கூண்டேறியவர்களில் முக்கியமானவர் சுனில் கங்கோபாத்யாய். இவருக்கும் பசித்த தலைமுறைக்கும் ஆகாது. தாம் நடத்திய ‘கிருத்திபாஸ்’ இதழின் வட்டத்தைக் கலைக்க வந்தவர்களாகவே அவர்களைப் பார்த்தார். அமெரிக்காவின் அயோவாவில் இருந்தபோது கோபமாகக் கடிதமும் எழுதினார். ஆனால் சம்மன் வந்தபோது நீதிமன்றத்துக்குப் போய், அந்தக் கவிதை ஆபாசமில்லை என்றார். தருண் சன்யாலும் ஜோதிர்மய் தத்தாவும் அதே பக்கம் நின்றார்கள். நண்பன் எதிரே நின்றான், பிடிக்காதவன் பக்கத்தில் நின்றான். இந்த ஒரு காட்சிக்காகவே வங்காள இலக்கிய வரலாற்றில் சுனிலுக்கு ஒரு தனி நாற்காலி போடலாம்.

சக்தியைத் துரோகி என்று முத்திரை குத்திவிட்டு நகர்வது சுலபம். அவர் பெரிய கவிஞர். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. போலீஸ் தலைமையகத்துக்கு அழைத்துக் கேள்வி கேட்கிறார்கள், வேலை போகிறது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்ற நிலையில் யார் எப்படி நடப்பார் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். சக்திக்கு 1983இல் சாகித்ய அகாதெமி விருது. சந்தீபனுக்கு 2002இல். உத்பலுக்கு 2014இல். மலய்க்கும் 2003இல் ஒன்று வந்தது, சொந்த எழுத்துக்கு அல்ல. தர்மவீர் பாரதியின் ‘சூரஜ் கா சாத்வா கோடா’ இந்தி நாவலை வங்காளியில் மொழிபெயர்த்ததற்கு. வாங்க மறுத்துவிட்டார்.

சான்பிரான்சிஸ்கோவில் 1957இல் கின்ஸ்பெர்க்கின் ‘ஹௌல்’ மீது இதே மாதிரி வழக்கு நடந்தது. கூண்டில் நின்றவர் பதிப்பாளர் பெர்லிங்கெட்டி. இலக்கியம் அறிந்தவர்கள் ஒன்பது பேர் அவர் தரப்புச் சாட்சிகளாக வந்து கவிதையின் தகுதியைப் பேசினார்கள். நீதிபதி விடுதலை செய்தார். கல்கத்தாவில் இலக்கிய உலகம் இரண்டாகப் பிளந்ததும், மாஜிஸ்திரேட்டுக்கு வேலை எளிதாகிவிட்டது. கவிஞர்களே எதிராகப் பேசும்போது அவர் எதற்குத் தயங்க வேண்டும்?

இன்னொரு துரதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. மலய் கைதாவதற்குச் சில வாரங்களுக்கு முன்தான், 1964 ஆகஸ்ட் 19 அன்று, உச்ச நீதிமன்றம் ரஞ்சித் உதேஷி வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’ நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் குற்றவாளி என்ற தீர்ப்பு. 1868இல் இங்கிலாந்தில் பிறந்த ‘ஹிக்ளின்’ அளவுகோலை உச்ச நீதிமன்றம் அதில் ஏற்றுக்கொண்டது. எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனம் ஒன்றை இந்த எழுத்து கெடுக்குமா என்று பார்க்கும் அளவுகோல் அது. மிகப் பலவீனமான வாசகனை வைத்து எழுத்தை அளந்தால் எந்த எழுத்து தேறும்?

மேல்முறையீட்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1967 ஜூலை 26 அன்று தண்டனையை ரத்து செய்தது. சட்டக் கணக்கு முடிந்தது. ஆனால் இயக்கம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே சிதறிவிட்டது. மலய் எழுதுவதையும் ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார். மறுபடி மும்முரமாக எழுத வந்தது 1980களில்.

இடைப்பட்ட காலத்தில் அவர் என்ன செய்தார் என்பது நம் கலகக்காரர் பற்றிய கற்பனைக்குக் கொஞ்சமும் பொருந்தாது. வேலைக்குத் திரும்பினார். பின்பு விவசாய மறுநிதி நிறுவனத்திலும் நபார்டிலும் பணியாற்றி, கிராமம் கிராமமாகச் சுற்றினார். நெசவாளர், மீனவர், விவசாயக் கூலிகள் வாழ்க்கையைக் கடன் விண்ணப்பத்தின் வழியாகப் பார்த்தார். ரிசர்வ் வங்கிக்குத் திரும்பி வரும் கிழிந்த, அழுகிய நோட்டுகளை எண்ணி அழிக்கும் வேலையின் நாற்றம் அவருடைய ‘டுப்ஜலே ஜேடுகு பிரஷ்வாஸ்’ நாவலில் இருக்கிறது. அது 1994இல் வெளிவந்தது. நாடு முழுக்கக் கைமாறி, வியர்வையும் எண்ணெயும் ரத்தமும் ஊறிய பணத்தை இளைஞர்கள் நாள் முழுக்க அழித்துக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகம்! வழக்கில் சிக்கிய கவிதையைவிட அவருடைய இந்த உரைநடை பல மடங்கு வலுவானது என்பது இந்த உரையின் துணிபு. ஆனால் பெயர் சொன்னதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கவிதைதான். வழக்கு செய்த இன்னொரு தீமை இது; அறுபது ஆண்டு எழுத்தை ஒரே கவிதையாகச் சுருக்கிவிட்டது.

கவிதையைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டும். உடல், ஆசை, பிறப்பின் மேல் வெறுப்பு என்று மூச்சுவிடாமல் கொட்டும் கவிதை அது. சுபா என்ற பெண்ணை நோக்கியே முழுவதும் பேசுகிறது. அந்தச் சுபா கடைசிவரை ஒரு சொல்லும் பேசவில்லை. ஆணின் வேதனைக்குப் பெண்ணுடல் ஒரு மேடை, அவ்வளவுதான். இயக்கத்திலும் பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆலோ மித்ரா போல ஓரிரு பெயர் கிடைக்கும். குடும்பம், மதம், அரசு, இலக்கிய மடம் எல்லாவற்றின் முகமூடியையும் கழற்றச் சொன்னவர்கள் வீட்டுக்குள் ஆண் போட்டிருந்த முகமூடியைத் தொடவில்லை. அறிக்கைகளிலும் வெற்று முழக்கம் நிறைய. இதைச் சொல்வதால் மலயின் மதிப்பு குறையாது. சொல்லாமல் விட்டால் அவரைப் புனிதராக்கிப் பூஜை அறையில் வைத்தவர்களாவோம். அதை அவரே சகித்திருக்க மாட்டார்.

அவர்களைத் தொடர்ந்து எழுந்த அலைகளும் உண்டு. 1965இல் ஐதராபாத்தில் தெலுங்கின் திகம்பர கவிகள் ஆறு பேர் தங்கள் முதல் தொகுதியை ஒரு ரிக்‌ஷாக்காரர் கையால் நள்ளிரவில் வெளியிட்டார்கள். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியிலிருந்து மராத்திக் கவிஞர் நாம்தேவ் டசாலின் ‘கோல்பிட்டா’ தொகுதி 1972இல் வந்தது. இம்லிதலாவின் குரல் எங்கே போக முயன்றதோ அந்த இடத்துக்கு டசால் போய்ச் சேர்ந்தார். ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்று சொல்ல வேண்டியதில்லை. காலம் பல ஊர்களில் ஒரே நேரத்தில் கொதித்தது.

சட்டத்தின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மலய் விடுதலையான அதே 1967இல் ‘தேஷ்’ பூஜை மலரில் சமரேஷ் பாசுவின் ‘பிரஜாபதி’ நாவல் வந்தது. அடுத்த ஆண்டே வழக்கு, 201 ரூபாய் அபராதம். இங்கே சாட்சிக் கூண்டேறியவர் புத்ததேவ் பாசு. நாவலின் பக்கம் பேசினார். 1985இல் உச்ச நீதிமன்றம் ஆசிரியரையும் பதிப்பாளரையும் விடுவித்தபோது அந்த இலக்கியச் சாட்சியத்துக்கு மதிப்புக் கொடுத்தது. மூத்த எழுத்தாளர் ஒருவர் துணிந்து கூண்டேறியது பல ஆண்டு கழித்துப் பலித்தது.

ஹிக்ளின் அளவுகோலை உச்ச நீதிமன்றம் கைவிட்டது 2014இல். எந்த வழக்கில் தெரியுமா? டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தம் காதலியோடு எடுத்துக்கொண்ட நிர்வாணப் படத்தை மறுபிரசுரம் செய்ததற்காக ‘ஆனந்தபஜார் பத்திரிகா’ மீது போடப்பட்ட வழக்கில். பசித்த தலைமுறை எந்தப் பத்திரிகை மாளிகையை எதிர்த்துத் துண்டறிக்கை அடித்ததோ, அந்த மாளிகையின் அன்றைய ஆசிரியர் அவீக் சர்க்காரின் பெயரில்தான் அந்த விடுதலைத் தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அதோடு கவிஞர்களுக்கு நிம்மதி வந்ததா? அடுத்த ஆண்டே, 2015 மே மாதத்தில், மராத்திக் கவிஞர் வசந்த் தத்தாத்ரேய குர்ஜரின் காந்தி பற்றிய கவிதை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு புது வரம்பு கட்டியது. வரலாற்றில் மதிக்கப்படும் தலைவர்களைப் பற்றி எழுதும்போது ஆபாசத்தின் அளவு இன்னும் கறாராக இருக்கும் என்றது. அச்சிட்டவருக்கும் வெளியிட்டவருக்கும் விலக்கு. கவிஞர் மட்டும் விசாரணையைச் சந்திக்க வேண்டும். கவிதை முதலில் வந்தது 1983இல். அதை மறுபிரசுரம் செய்து சிக்கிக்கொண்டது ஒரு வங்கி ஊழியர் சங்கப் பத்திரிகை என்பது மலயின் வாசகர்களுக்குத் தனியாக உறைக்கும்.

நம் ஊருக்கு இந்தக் கதை எட்டாததல்ல. பெருமாள்முருகனின் ‘மாதொருபாக’னுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளம்பிய கூச்சலும், 2015 ஜனவரியில் அவர் எழுத்தைத் துறந்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும் இந்த அவையில் எல்லோரும் அறிந்தவை. பாட்னாவில் கயிறு கட்டியது போலீஸ். திருச்செங்கோட்டில் அந்த வேலையை ஊரே செய்தது. இரண்டு இடத்திலும் நீதிமன்றம் பிற்பாடுதான் வந்தது. நடுவே எழுத்தாளன் தனியாக நின்ற நாட்களில் சக எழுத்தாளர்கள் எங்கே நின்றார்கள் என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஊரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். நாவல் பிடிக்கவில்லை, ஆகவே ஆதரிக்க முடியாது என்று அன்று தமிழிலும் சிலர் முணுமுணுத்தார்கள். பிடிக்காத கவிதைக்காகக் கூண்டேறிய சுனிலை அவர்கள் படித்திருக்கலாம்.

மலய் 2023 அக்டோபர் 26 அன்று மும்பையில் காலமானார். 84ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. 2011இல் வந்த ‘பைஷே ஷ்ராபன்’ வங்காளிப் படத்தில் பசித்த தலைமுறைக் கவிஞர் ஒருவர் பாத்திரமாகவே வந்துவிட்டார். ஒரு காலத்தில் கயிறு கட்டி இழுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். கலகம் பழசானால் அதற்கும் விற்பனை மதிப்பு வந்துவிடுகிறது. ஆனால் வழக்கு இன்னும் பழசாகவில்லை. 1964இல் 292ஆம் பிரிவின்படி கொடுக்கக்கூடிய அதிகபட்சச் சிறை மூன்று மாதம். 1969இல் சட்டத்தைத் திருத்தி, இலக்கியத்துக்கு ஒரு விதிவிலக்கைச் சேர்த்த கையோடு, முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு என்று உயர்த்தினார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவாகப் பெயர் மாறியிருக்கிறது. இரண்டு ஆண்டு அப்படியே இருக்கிறது. அபராதம் 5,000 ரூபாய் வரை.